வளைவில் அடைக்காத குழாய்

மூன்று மாதமாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்பா குரீப்கா பாஸ்பேட் சுரங்கத்தில் மண் வாரினார், அவருக்கு இடுப்பு போயிற்று. எனக்குக் கழுத்து. அதை விடுங்கள் ஐயா, குழாயைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

பாஸ்பேட் தூளைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகக் கடற்கரைக்கு அனுப்புகிறோம். புதிதாகப் போட்ட கிளைக் குழாய் ஓடுமா என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. இரண்டு நிரல்கள். ஒன்று தண்ணீரைக் கணக்கிடும், மற்றது தூளின் ஒவ்வொரு மணியையும். தண்ணீர் மணியைத் தள்ளும், மணி தண்ணீரைத் திருப்பித் தள்ளும். இரண்டையும் இணைப்பது, வெட்டிக்கொண்ட அண்ணன் தம்பியை ஒரே தட்டில் கூஸ்கூஸ் சாப்பிட உட்கார வைப்பது போல.

ஒவ்வொரு தடவையும் குழாயின் வளைவில் நிரல் விழுந்தது. மணிகள் அங்கே குவியும், தண்ணீருக்கு இடம் இல்லாமல் போகும், எண்கள் கன்னாபின்னாவென்று ஏறி நிரல் செத்துவிடும். மறுபடி ஓட்டு, மறுபடி சாவு. மேலாளர் தஹாமி, மரியாதைக்கு 'சி' சேர்த்துத்தான் கூப்பிடுவோம், புதினா டீயோடு வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

"என்ன ஜவாத், உன் தண்ணி இன்னும் கடலுக்குப் போய்ச் சேரலையா? கழுதை மேல ஏத்தியிருந்தாக்கூட இந்நேரம் போயிருக்கும்."

"வளைவுல நிக்குது, சி தஹாமி."

"நிக்கிறது தண்ணியா, உன் மூளையா?"

அன்றைக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். எவ்வளவு மணி குவிந்தாலும் தண்ணீருக்குப் பாதி இடம் எப்போதும் இருக்கும் என்று. அதன் பிறகு நிரல் சாகவில்லை. மணிகள் வளைவைத் தாண்டி அழகாகப் போயின. குழாய் ஓடும் என்று அறிக்கையும் மேலே போயிற்று. தஹாமி தோளில் தட்டினார்.

இப்படி ஒட்டுப் போடாதவர் எங்கள் தொழிலில் இல்லை. ஆனால் அந்த வரி இருக்கும்வரை, எதைக் கொட்டினாலும் என் குழாய் அடைக்காது. நிரல் அத்தனை நாளும் செத்துச் செத்துச் சொன்னது வளைவு அடைக்கும் என்பதைத்தான். எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

நிஜக் குழாயின் முதல் ஓட்டத்தின்போது நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். வளைவில் காவலுக்கு நின்றவர் பெயர் அல்லால்; அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்.

"ஜவாத், மீட்டர் முள்ளு சிவப்புக்கிட்டப் போகுது. நிப்பாட்டச் சொல்லு. நான் மேட்டுக்கு ஏறிடறேன்."

"அங்க அடைக்காது சித்தப்பா. மீட்டர்தான் கோளாறு. கிட்டப் போய்ப் பாருங்க."

"நீயே வந்து அதக் கட்டிப்பிடிச்சிட்டு நில்லேன்டா." சிரித்தார். "சரி, உங்கப்பன் மூஞ்சிக்காகப் போறேன்."

நிறுத்தினால் குழாயை அறுத்துப் பார்ப்பார்கள், பிறகு என் நிரலைத் திறப்பார்கள். மூன்று மாத உழைப்பு, ஐயா. இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் அடைப்பு நகர்ந்துவிடலாம் என்று தோன்றியது. அவர் மீட்டரில் குனிந்திருப்பது கேமராவில் தெரிந்தது. பம்பின் அழுத்தத்தை ஏற்றச் சொன்னேன்.

வளைவு பிளந்தது. சேற்றிலிருந்து உடலை எடுக்கச் சாயங்காலமாயிற்று.

நிறுத்தப் போகிறோம், விலகுங்கள் என்று சொல்லியும் அவர் போய் நின்றார் என்று நிறுவனத்தில் சொன்னேன். அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி ஹத்தூஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்லியும் போனாராமே. வீட்ல நாங்க இருக்கோம்னு நெனப்பே வரலையா அந்த மனுஷனுக்கு?"

"பிடிவாதக்காரர், சித்தி" என்றேன்.

அந்தக் கோபத்தில் சித்தி இன்றுவரை கணவரின் கல்லறைப் பக்கம் போகவில்லை.

நான் கெட்டவன் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, இரண்டு நிரலையும் ஒழுங்காக இணைத்து நேற்றுவரை ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் வளைவில்தான் விழுகிறது. தாண்டட்டும், நேரே போய்ச் சொல்லிவிடுவேன். அதுவரை ஹத்தூஜ் சித்திக்கு நான் பட்ட கடன் ஒன்று பாக்கி: அல்லால் தானாகப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன்.