வழித்து விற்ற மேல்மண்

அண்ணனூரில் மின்ரயில் நின்றிருந்தபோது, எதிர் இருக்கையில் இருந்த டிராக்டர்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்: "உன் நெலத்த இனிமே நான் ஓட்ட மாட்டேன் அண்ணாத்தே. மழ பெஞ்ச அன்னிக்கு சேறு, ரெண்டே நாள்ல செங்கல்லு. கலப்பையே ஒடஞ்சி போச்சி."

"எரு போட்டா சரியாவாதா?"

"ஒரு வண்டி எருவுல ஆவாது. வருசக்கணக்கா போடணும். மக்குன மேல்மண்ணுதான் ஈரத்தப் புடிச்சி வெச்சிகினு இருந்திச்சி. அத்த ஏன் ஒரு அடிக்கு வழிச்சி வித்த?"

"ஃப்ளாட்டு தோட்டத்துக்குக் கேட்டாங்கோ. கீழயும் மண்ணுதான கீதுன்னு நெனச்சிட்டேன்."

வண்டி கிளம்பியது. ஆவடி வந்ததும் டிராக்டர்காரர் கேட்டார்:

"இப்ப எங்க வேலைக்குப் போற?"

"அதே ஃப்ளாட்டுலதான். தோட்ட வேல. நம்ம மண்ணு இன்னும் பொலபொலன்னு கீது நைனா. வெரல வெச்சாலே உள்ள போவுது."