வரிசையின் ஓரம்

நோன்பு மாதத்துப் பின்னேரம், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இளம்பெண் ஒருவர் நடைபாதைப் பக்கம் இருந்தார். பிறகு ஏறிய மூத்த பெண் அவரைத் தாண்டித்தான் ஜன்னலோரம் போக வேண்டியிருந்தது.

“உள்ளுக்குத் தள்ளி இருந்திருக்கலாமே, புள்ள?”

“தலை சுத்தினா டக்கெண்டு இறங்கணும், ராத்தா. இந்த நோன்புல ராவைக்குத் தறாவீஹ் தொழவும் பள்ளிவாசலுக்குப் போகல்ல. வீட்டுல தனியத்தான்.”

“ஏன்?”

“தொழுற வரிசைக்குள்ள நிண்டா நெஞ்சு படபடக்கும். மயங்கி விழுந்திருவன் எண்டு பயம்.”

“எப்பயாவது விழுந்திருக்கீங்களா?”

“ஒருக்காலும் இல்ல. விழமாட்டீங்க, காலை நல்லா ஊண்டி மெதுவா மூச்சு விடுங்க எண்டுதான் டொக்டரும் சொன்னவர். ஓரத்துல நிண்டா சமாளிப்பன். நம்மட ஆக்கள் விடமாட்டாங்களே. இடைவெளி விடாதீங்க எண்டு கையப் புடிச்சி உள்ளுக்கு இழுப்பாங்க.”

“தோளோட தோள் முட்டி நிக்கிறம். விழ எங்க புள்ள இடமிருக்கு?”

இருவரும் சிரித்தார்கள்.

“நான் எண்டா உங்கள ஓரத்துலயே விட்டுட்டுப் பக்கத்துல நிப்பன்.”

“நீங்க எந்த ஊர்ப் பள்ளிக்குப் போறீங்க, ராத்தா?” இளையவர் அவசரமாகக் கேட்டார்.

“நிந்தவூர். நீங்க?”

“அட்டாளைச்சேனை.”

நிந்தவூரில் அந்த ராத்தா இறங்கினார். புதிதாக ஏறியவர், “கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளுங்க” என்றார்.

“நீங்க இருங்க. நான் இறங்கப்போறன்.”

இளையவர் எழுந்து கதவடியில் போய், கால்களை ஊன்றி நின்றார். அட்டாளைச்சேனைக்கு இன்னும் இரண்டு ஊர் இருந்தது.