இரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

என்னை எல்லோரும் கமா என்று அழைப்பார்கள். வயது ஐம்பத்து மூன்று. தகப்பனார் உயிருடன் இல்லை. நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள நகல் கடையில் இருபத்தாறு வருடங்களாக வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், மனு முதலியவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்து வருகிறேன். நான் அடிக்கும் பத்திரத்தில் முற்றுப்புள்ளி லேசில் வராது என்பதால் வந்த பட்டப்பெயர் அது. முகவரி கேட்டீர்கள். இரண்டு மாதம் முன்பு வரை இருந்தது. இப்போது மைத்துனர் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்கிறேன், அதையே எழுதிக்கொள்ளலாம். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. விசாரணையில் நானாகவே சொல்வதாவது:

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. நாங்கள் அப்போது இருந்தது மூன்றாவது மாடி. ஏறும்போது படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழுந்தாள். ஆகவே மருத்துவமனைக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்தேன். என் நடையில் நான்கு நிமிடம், அவள் நடையில் பதினோரு நிமிடம். புகார் கொடுத்திருக்கும் வீட்டுக்காரர்தான் அதன் உரிமையாளர். அவர் சுற்றி வளைக்காமல், "நோயாளிய வச்சிருக்கீங்க. பாதியில காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க. ஒரு வருஷ வாடகையும் மொத்தமா குடுத்தா சாவி தர்றேன்" என்றார். என்னிடம் அவ்வளவு பணம் கிடையாது. என் மனைவியின் தம்பி தன் சரக்கு வேனை அடகு வைத்துக் கொடுத்தார். அவருக்குச் சோறு போடுவது அந்த வேன்தான்.

அதன் பிறகு ஒப்பந்தத்தை நானே என் கடையில் அடித்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு பத்திரத்தையும் புதிதாக யோசித்து எழுதுவதில்லை. கணினியில் ஒரு மாதிரி வைத்திருப்போம், பெயர், தேதி, தொகை மூன்றை மட்டும் மாற்றி அச்செடுத்துவிடுவோம். படித்துப் பார்க்க மாட்டோம். அன்றும் அப்படித்தான் மூன்று பக்கம் அச்செடுத்தேன். வீட்டுக்காரர் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார். நானும் எங்கள் தரப்புச் சாட்சியும் எல்லாப் பக்கத்திலும் போட வேண்டும் என்றார். மைத்துனர் வண்டி ஓட்டப் போயிருந்ததால் சாட்சியாக என் மனைவி கையெழுத்திட்டாள். அன்று காலைதான் சிகிச்சை முடிந்து வந்திருந்தாள். இடையில் பேனா கைநழுவிக் கீழே விழுந்தது. வீட்டுக்காரரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். "ஒரு வீட்டுக்கு இத்தனை கையெழுத்தா, சொத்தே எழுதி வாங்கிடுவீங்க போலிருக்கே" என்று அவள் சொல்ல, அவரும் சிரித்தார்.

அந்த அறையில் நாங்கள் நாற்பத்தொரு நாள் இருந்தோம். நாற்பத்தோராவது நாள் அவள் இறந்துபோனாள்.

அதன் பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. கட்டில், அடுப்பு, இரண்டு பெட்டி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, தரையைக் கழுவிவிட்டு, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மீதி மாதங்களுக்கு நான் கட்டியிருந்த வாடகையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. துக்க வீடு, பிறகு தருவார் என்று நினைத்து நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது, அவள் துணி உலர்த்த நான் கட்டிய கயிற்றில் ஒரு குழந்தையின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. வேறு குடும்பம் வந்துவிட்டது. ஒரே அறைக்கு ஒரே மாதத்தில் இரண்டு பேரிடம் வாடகை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு நான்கு முறை போய்க் கேட்டேன். நான்காவது முறை அவர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். 'குறித்த காலத்துக்கு முன் எக்காரணத்தினால் காலி செய்தாலும் செலுத்திய வாடகையைத் திரும்பக் கோர உரிமை கிடையாது' என்று இருந்தது. "இத நானா எழுதினேன்? நீங்க அடிச்ச பத்திரம்தானே சார். ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேனா?" என்றார். சொல்லவில்லை. அது உண்மை. பல வருடம் முன்பு வேறொரு வீட்டுக்காரர் கேட்டு அந்த வரியைச் சேர்த்தேன். வீட்டுக்காரர்களுக்கு அது பிடித்துப்போய் என்னைத் தேடி வந்தார்கள், ஆகவே மாதிரியிலிருந்து அதை எடுக்கவில்லை. எத்தனை பேர் அந்த வரியைக் காட்டி வெறுங்கையுடன் அனுப்பப்பட்டார்களோ எனக்குத் தெரியாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் ஊருக்கெல்லாம் வைத்துப் பழகி, கடைசியில் எனக்கும் வைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் தவணை கட்டாததால் மைத்துனரின் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். நான் பேச்சை எடுத்தபோது, "விடுங்க மாமா. அக்காவுக்குத்தானே குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் நான் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

மறுநாள் வீட்டுக்காரரிடம் போய், மருத்துவமனை உதவித்தொகைக்கு முகவரிச் சான்று வேண்டும், ஒப்பந்தத்தைக் கொடுத்தால் நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அது பொய். அவர் நம்பி எடுத்துக் கொடுத்தார். அவரிடம் வேறு நகல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகு கடைக்குப் போய் அதே மாதிரித் தாளில், அதே எழுத்தில், பாக்கி மாதங்களின் வாடகை திருப்பித் தரப்படும் என்று மாற்றி இரண்டாம் பக்கத்தை மட்டும் அச்செடுத்தேன். அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். அதன் பிறகு என் மனைவியின் கையெழுத்தைப் போட்டேன். பழகிப் பார்க்கவில்லை. இருபத்து நான்கு வருடம் பார்த்த கையெழுத்து, முதல் தடவையே வந்துவிட்டது. கடைசி எழுத்தை மேலே சுழித்துக் கீழே ஒரு கோடு இழுப்பாள், அதுவும் வந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பழைய பக்கத்தை நான்காகக் கிழித்துக் கீழே உள்ள டீக்கடை அடுப்பில் போட்டேன். போடுவதற்கு முன் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து, அதாவது நேற்றுக் காலை, மறுபடி போய், பத்திரத்தைச் சரியாகப் படியுங்கள் என்றேன். அவர் படித்தார். முகம் மாறியது. முன்பு தப்பாகப் படித்துவிட்டோமோ என்று தன்னையே சந்தேகப்பட்டார், உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் பணத்துடன் வரவில்லை, கண்ணாடியுடன் வந்தார். மூன்று பக்கங்களையும் பிரித்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு, "மொதப் பக்கத்துல கை நடுங்குது. மூணாம் பக்கத்துல அதவிட நடுங்குது. நடுப் பக்கத்துல மட்டும் அந்தம்மாவுக்கு எப்படி சார் இவ்வளவு தெம்பு வந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் சத்தம் போடவில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்தவர் அவர். அவள் கை நடுங்கியதை அவர் கவனித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. நான் போட்டது அவள் நன்றாக இருந்தபோது போட்ட கையெழுத்து. வேறு கையெழுத்து எனக்குத் தெரியாது.

எனவே குற்றத்தை மறுக்கவில்லை. வக்கீல் வேண்டாம். மைத்துனருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவருக்கு நான் இங்கே இருப்பதும் தெரியாது. வீட்டுக்காரர் மீது நான் எதிர்ப்புகார் கொடுக்கப்போவதில்லை. பணமும் கேட்கப்போவதில்லை, கேட்கிற வாய் எனக்கு இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுத்தர் அய்யா இது வாக்குமூலத்தில் சேராது என்றார், நான் கெஞ்சி எழுதச் சொன்னேன். ஒப்பந்தத்தின் ஒன்றாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் தடயமாக உங்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றில் அவள் போட்டவைதான் அவள் கடைசியாகப் போட்ட கையெழுத்துகள். மொத்தம் மூன்று இருந்தன. நடுவில் இருந்ததை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். வழக்கு முடிந்து எத்தனை வருடம் ஆனாலும் சரி, அந்த இரண்டு தாள்களையும் என்னிடம் கொடுக்க வேண்டும். துளையிட்டுக் கோப்பில் கட்டும்போது அடிப்பக்கத்தில் துளை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே கண்டவை யாவும் நான் சொல்லி எழுதப்பட்டவை. எனக்குப் படித்துக் காட்டினார்கள். இந்த முறை நானும் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். என் தரப்புச் சாட்சி யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொன்னதால் அந்த இடம் காலியாக விடப்பட்டது.

(ஒப்பம்)
கமா