நான் கற்றுக்கொடுத்த சொல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்கார், ராசாத்தி. மோரைக் குடித்துவிட்டுக் கேள். வெயிலில் நடந்து வந்திருக்கிறாய். உன் அம்மா கலியம்மாளின் வழக்கு ஏன் தள்ளுபடி ஆயிற்று என்று கேட்கத்தானே வந்தாய். முழுக் கதையும் சொல்கிறேன். அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் இதைத் தூக்கிச் சுமந்து அலுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ராசாங்கம் முன்சீப்பாக இருந்தார். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஒரு சின்னக் கோர்ட்டு. ஊர்ப் பேர் வேண்டாம். சாட்சி சொல்ல வந்தவன் நடுங்கினால் முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்கிற மனுஷர். உன் அப்பா கொளஞ்சி செத்த பிறகு, சித்தப்பன் மதுரைவீரன் உங்கள் மூன்று ஏக்கர் கொல்லையைத் தன்னுடையது என்றான். உன் அம்மா வழக்குப் போட்டாள். தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் அதில் ஏர் பூட்டக் கூடாது என்று உத்தரவு. நாற்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் வாதம் முடிந்து, என் கண் முன்னால்தான் தீர்ப்பை எழுதி முடித்தார். ஏழு பக்கம். மறுநாள் கோர்ட்டில் வாசிக்க வேண்டும்.

விடிந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. கை கால் நன்றாக இருந்தது, ஆனால் பேனா பிடித்தால் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடவில்லை. காது கேட்டது. புத்தியும் தெளிவுதான். பதினைந்து நாள் லீவு போட்டு வைத்தியம் பார்த்ததில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. அத்தனை வருஷம் தினமும் சொல்லிப் பழகிய சொல். "வாய்தா."

ஓய்வுபெற அவருக்குப் பதினோரு மாதம் இருந்தது. மாலையோடு இறங்கி வர வேண்டும், ஆகாதவர் என்று யாரும் வெளியே அனுப்பக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பேராசை என்று நீகூடச் சொல்ல மாட்டாய்.

ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கோர்ட்டு நடத்த முடியும் என்று அதற்கு முன் எனக்கும் தெரியாது. கிளார்க் நல்லதம்பி எங்களுக்கு வேண்டியவர். அவர் வழக்கைக் கூப்பிடுவார். இவர் தலையை ஆட்டுவார், இல்லை என்றால் வாய்தா என்பார். ஜனங்கள் 'வாய்தா ஐயா' என்று பேர் வைத்துவிட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் உங்க ஐயா அதைத்தான் சொல்லுவாரா என்று நல்லதம்பியைக் கேலி செய்வார்களாம். நான்கூடச் சிரித்தேன்.

தீர்ப்புதான் சங்கடம். அதை அவர் வாயால் சபையில் வாசித்தாக வேண்டும். வேறொருவர் வாசித்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏழு பக்கத்தையும் என் புடவைப் பெட்டியில் வைத்தேன்.

வாதம் முடிந்தும் தீர்ப்புச் சொல்லாத வழக்கு எத்தனை என்று மாதா மாதம் மேல்கோர்ட்டுக்குப் பட்டியல் போகும். அந்த வருஷம் பார்த்துத்தான் கெடுபிடி. தீர்ப்பைத் தாமதித்ததற்கும் பட்டியலில் பொய் எழுதியதற்கும் எங்கோ ஒரு முன்சீப்பை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நல்லதம்பி ஒரு வழி சொன்னார். இன்னும் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று மாதக் கடைசியில் வழக்கை மறுபடி திறந்துவிட்டால், அது தீர்ப்புக்கு நிற்கும் வழக்கு ஆகாது. 'இல்லை' என்று எழுதிவிடலாம். அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் பேனாவைத் தள்ளிவிட்டார். உடம்பு முடியாதவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவர் எழுதிப் போட்ட தாள்களைப் பார்த்தே எழுத்துக் கற்றவள் நான். அவர் கையெழுத்து எனக்குக் கோலம் மாதிரி வரும்.

உன் அம்மா மாதம் தவறாமல் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். வக்கீலுக்கு வழியில்லாமல் தானே போய் நின்றாள். ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரவைத்துச் சோறு போட்டேன்.

"அம்மா, கொல்லையில முள்ளு மண்டிக் கெடக்குதுங்க. ஐயா ஒரு வார்த்த சொன்னா போதும். எனக்கு இல்லேன்னு சொன்னாக்கூடச் சரிதான், கூலிக்காச்சும் ஒரு முடிவா போயிடுவேன்" என்றாள்.

கொல்லை அவளுக்கே என்றுதான் எழுதியிருந்தது. பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் குரல் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். பெட்டியைக் காட்டிக் காட்டி, "வாய்தா... வாய்தா" என்றார்.

உன் அம்மா எச்சில் கையோடு எழுந்து கும்பிட்டாள். "சரிங்க ஐயா. இன்னம் ஒரு மாசம் பொறுத்துக்கறேன்."

தை மாதம் மேல்கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. இந்த ஒரு வழக்கை ஏன் இத்தனை தரம் திறந்தீர்கள், விளக்கம் எழுதுங்கள் என்று. வாதி ஒழுங்காக வருவதில்லை என்று எழுதினேன். பொய் எழுதினால்தானே தண்டனை. அதனால் அதை மெய்யாக்கினேன். அலையாதே கலியம்மா, இனி நாள் வரும்போது நானே சொல்லியனுப்புகிறேன் என்று ஆள் விட்டேன். அவள் என்னை நம்பினாள். நம்பாமல் இருக்க நான் என்ன செய்தேன் அவளுக்கு?

அப்புறம் அவருக்கு இன்னொரு சொல் தேவைப்பட்டது. ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல உதட்டைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தேன். தள். தள்ளு. தள்ளுபடி. ஏழாம் நாள் முழுசாக வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சொல் வந்த சந்தோஷம் என்று துடைத்துவிட்டேன்.

பங்குனியில் உன் அம்மா பேரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. என் வீட்டுக்காரர் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நல்லதம்பி குனிந்து காதில் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தாராம். அப்படியே சொன்னார். அதுதான் அவர் பேசிய கடைசிச் சொல். அதற்குப் பிறகு வீட்டில் வாய்தாகூட வரவில்லை.

வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட முப்பது நாள் உண்டு. சொல்லியனுப்புகிறேன் என்றேன் அல்லவா, அனுப்பினேன். நாற்பத்தோராம் நாள். உன் அம்மா சுண்ணாம்புக் காளவாய்க்குக் கூலிக்குப் போனதும், தூசி நெஞ்சில் இறுகிப் போய்ச் சேர்ந்ததும் பிறகு கேள்விப்பட்டேன். இவருக்கு ஆனியில் பெரிய மாலையாகப் போட்டார்கள். தாமதமே இல்லாத கோர்ட்டு என்று வாழ்த்திப் பேசினார்கள்.

இதோ, அந்த ஏழு பக்கம். சபையில் வாசிக்காத தீர்ப்பு வெறும் தாள்தானாம். ஆனாலும் பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தேன். மதுரைவீரன் மகனிடம் அதே கொல்லையில் நீ கடலை பறிக்கப் போகிறாயாமே. பொழுதோடு கிளம்பு. உன் வீடு நிறையட்டும், தாயி. உன் அடுப்பு அணையாமல் எரியட்டும். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். உன் அம்மாவுக்கு நான் இருந்ததுபோல, உனக்கும் நல்லது கெட்டது பார்க்க ஒருத்தி வாய்க்கட்டும்.