உள்பக்கக் கைப்பிடி

உங்கள் அறை ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை. கைப்பிடி தொங்குகிறது. காற்றில் ஆடாமல் இருக்க யாரோ ஒரு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டத்தில் செருகியிருக்கிறார்கள். ஆளைப் பிடிக்கிற வேலையில் இருப்பவர்கள் ஒரு ஜன்னலைப் பிடித்து நிறுத்தக் காகிதம் தேடுகிறீர்கள். போகட்டும், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கைப்பிடிக்குள் திருகாணி தளர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. வாசலில் என் கருவிப் பையை வாங்கி வைக்காமல் இருந்திருந்தால் பேசிக்கொண்டே சரிசெய்திருப்பேன்.

என் தொழில் அதுதான். இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல்கள், கதவுகள். அவற்றின் பூட்டு, கைப்பிடி, கீல் எது கெட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், மனிதர்களுக்குக் கதவைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. கைப்பிடியில் ஈரத் துண்டைத் தொங்கவிடுவார்கள். பிள்ளையை அதில் ஊஞ்சலாடவிட்டு அழகு பார்ப்பார்கள். பூட்டு இறுகினால் சமையல் எண்ணெயை ஊற்றுவார்கள், பூட்டென்ன வாணலியா? கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "சும்மாதாங்க தொட்டேன், கையோட வந்துடுச்சு," என்று பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எதுவும் சும்மா தொட்டுக் கையோடு வந்துவிடாது. நான் சிரித்தபடி, "தேய்மானம்தாங்க, யார் வீட்டுலயும் வர்றதுதான்," என்பேன். மனதுக்குள் சொல்வதை இங்கே எழுத வேண்டாம்.

நானாகத்தான் இங்கே வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை செத்ததற்காக விசில்காரனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனும் என் தொழில்தான். வேலை செய்யும்போது விசிலடிப்பான், அதனால் அந்தப் பெயர். அவன் மாட்டிய பூட்டில் கோளாறு, அதனால்தான் அவள் கண்ணாடி அறைக்குள் மாட்டிக்கொண்டு வெயிலில் செத்தாள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவனை அனுப்பிவிடுங்கள். தப்பே செய்யாத ஒருவன் அவதிப்படுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

தங்கையைப் பற்றிச் சொல்வதென்றால் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிவிட்டது. என் வீட்டில்தான் இருந்தாள். கதவு திறந்திருந்தால் தெருவுக்குப் போய்விடுவாள், வருகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே அவள் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பூட்டுப் போட்டேன். ஜன்னலுக்குச் சாவி வைத்த கைப்பிடி. சத்தம் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று கதவுக்கும் ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி. சாப்பாடு, தண்ணீர், மின்விசிறி எல்லாம் உள்ளேயே இருந்தன. கூலி கொடுக்கிறவர்கள் வீட்டில்கூட நான் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

ஒரு விடுமுறை நாளில் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வரும்போதே வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள், அம்மா ஜன்னலைத் தட்டிக்கொண்டு நின்றதை. நான் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா உள்ள கத்துறது உனக்குக் கேக்கலையா அண்ணா?"

"எப்படிக் கேக்கும்? ரெட்டைக் கண்ணாடி," என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

அவள் நேரே போய் அறைக் கதவைத் திறந்தாள். அம்மாவின் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு அவளைக் கையோடு கூட்டிப்போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே உங்களை அண்ணான்னு கூப்பிட எனக்கு வாய் வராதுங்க."

உங்களை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து நீ, வா, போ என்று என் தோளில் தொங்கியவள். அதன்பிறகு எப்போது போனாலும், "வாங்க, உக்காருங்க, காபி எடுத்துக்கோங்க" என்பாள். அண்ணா என்ற சொல்லை மட்டும் சோற்றில் கல்லைப் பொறுக்குவது மாதிரி பொறுக்கி எறிந்துவிடுவாள். கேட்கிறவர்கள், தங்கச்சிக்கு அண்ணன் மேல் எவ்வளவு மரியாதை என்பார்கள். ஒருவர் முகத்தில் மரியாதையைத் துப்ப முடியும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன். எனக்கு அது வலித்தது. எழுதிக்கொள்ளுங்கள், வலித்தது.

அவள் தன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் அம்மாவுக்காக ஒரு கண்ணாடி அறை கட்டினாள். சுற்றிலும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. அம்மா வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆள் நடமாட்டம் பார்க்க வேண்டுமாம். இன்ன நாள், இன்ன ஊர் என்று தெரியாத கிழவிக்கு மாளிகை. அதற்கும் இரட்டைக் கண்ணாடிதான், ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கொஞ்ச காலம் அதில் உட்கார்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பிறகு தங்கை தன் தையல் மெஷினை அங்கே போட்டுக்கொண்டாள். அவள் புருஷனுக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். காலையில் அங்கே உட்கார்ந்து தைப்பாள், வெயில் ஏறுவதற்குள் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள். அவளுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம், சூடு ஆகாது. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த அறைக்கு ஒரே கதவுதான், சமையலறைக்குள் போகிற கதவு. அதில்தான் பூட்டு கெட்டது. அவள் விசில்காரனைக் கூப்பிட்டாள். இந்தத் தொழிலில் நாலு பேர் கைகாட்டுகிற ஆள் கூடப் பிறந்தவனாக இருக்கும்போது, எவனோ ஒருவனைக் கூப்பிட்டாள். அவனே சாமான் கடையில் என்னைப் பிடித்துச் சொன்னான்.

"உங்க தங்கச்சி வீட்டுக் கதவு என்கிட்ட வந்துச்சுண்ணே. நீங்க ரொம்ப பிஸியோ?"

சொல்லிவிட்டு இளித்தான். அண்ணே என்று கூப்பிடுகிறான் பாருங்கள். வழியில் போகிறவனெல்லாம் என்னை அண்ணே என்பான்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொல்ல மனைவியோடு தங்கை வீட்டுக்குப் போனேன். பெண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கை கழுவுகிற சாக்கில் பின்னால் போய் அந்தக் கதவைப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைக்கவில்லை. குறை இல்லை. ஒரு விரலால் தள்ளினால் கதவு நகர்ந்தது, பூட்டு சத்தமில்லாமல் விழுந்தது. அதைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அவ்வளவு சின்ன மனிதன் இல்லை.

கைப்பிடிக்குள்ளே ஒரு சதுரக் கம்பி ஓடும். கதவின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் அதுதான் பூட்டோடு சேர்க்கிறது. அது கொஞ்சம் குட்டையாக இருந்தால் வெளிப்பக்கம் ஒழுங்காகத் திறக்கும், உள்பக்கம் பிடித்துத் திருகினால் வெறுமனே சுற்றும். அப்படி ஒரு கம்பி என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டிலேயே அறுத்து, முனையை அரத்தால் ராவி எடுத்துப் போயிருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. சின்னத் திருப்புளி நான் எங்கே போனாலும் கூடவே வரும். கம்பியை மாற்றினேன். மேல் கீலில் ஒரு திருகை லேசாக முடுக்கினேன். இனி கதவு திறந்து நிற்காது, தானாக வந்து சாத்திக்கொள்ளும். அறையின் ஜன்னல்கள் பூட்டியிருந்தன, சாவி ஓர் ஆணியில் தொங்கியது, அதையும் எடுத்துக்கொண்டேன். வெயிலில் கிடந்தால் சாவியின் பிளாஸ்டிக் தலை வெடித்துவிடும். இதோ, மேசைமேல் வைக்கிறேன். பாருங்கள், ஒரு கீறல் இல்லை.

"காபி ஆறுது, குடிங்க," என்றாள் தங்கை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து குடித்தேன்.

கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. கதவு சாத்திக்கொள்ளும், அவளால் திறக்க முடியாது, வேறு வழியில்லாமல் போனை எடுப்பாள். "அண்ணா, கொஞ்சம் வந்து பாரேன்" என்பாள். பாருங்க இல்லை, பாரேன். ஓடி வந்து திறந்துவிட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓர் அண்ணன் இதைக்கூட ஆசைப்படக் கூடாதா?

அதன்பிறகு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் வீட்டுப் பக்கத்துச் சந்து வழியாகப் போய்வந்தேன். சுற்று வழிதான், ஆனால் அங்கிருந்து பார்த்தால் பின்முற்றமும் கண்ணாடி அறையும் தெரியும். முதல் சில நாள் அவள் தைக்க உட்காரவில்லை, மெஷின் சும்மா கிடந்தது. அப்புறம் ஒருநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு போனேன். உள்ளே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்திருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பொருளைக் கையோடு வைத்துக்கொள்ளத் துப்பில்லை.

முற்றத்துக்குள் போய்க் கண்ணாடிக்கு எதிரே நின்றேன். என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேர்வையில் குளித்து நிற்கிறாள், அப்போதும் அந்தத் திமிர். நான் அவசரப்படவில்லை, சுவரோரம் நிழலில் நின்றுகொண்டேன்.

தையல் கத்திரியை எடுத்துக் கண்ணாடியை அடிக்கத் தொடங்கினாள். நடுவில் அடித்தாள். அந்த ரகக் கண்ணாடி நடுவில் எத்தனை அடி வாங்கினாலும் அசையாது, மூலையில் அடிக்க வேண்டும். அண்ணன் பார்க்கிற தொழில் என்னவென்று ஒருநாளாவது காதுகொடுத்துக் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும்.

கத்திரி கை நழுவியது. பிறகுதான் என் பக்கம் வந்தாள். கேட்கவில்லை என்று நான் காதைத் தொட்டுக் காட்டினேன். "அண்ணான்னு கூப்பிடு, திறக்கிறேன்" என்று சொல்லவும் சொன்னேன், அது அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றி, முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு கூப்பிட்டாள். என்னை இல்லை. அம்மாவை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரே சொல், திரும்பத் திரும்ப, வாயை அகலத் திறந்துகொண்டு, உதட்டை மூடவே இல்லை. வலி வந்தால் எல்லாரும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள், அது தெரியும். ஆனால் செத்துப்போன அம்மா வந்தா திறக்கப் போகிறாள்? எதிரே உயிரோடு நிற்கிறவனை ஒருமுறை கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

சரி, யோசிக்கட்டும் என்று முனைக்கடைக்கு டீ குடிக்கப் போனேன். சர்க்கரைத் தண்ணீர். அவனுக்கும் தொழில் தெரியாது. அங்கே இருந்த செய்தித்தாளை முழுக்கப் படித்தேன். திரும்பி வந்தபோது அவள் மெஷின் மேசைக்கு அடியில், கொஞ்சம் நிழல் இருந்த இடத்தில், சுருண்டு கிடந்தாள். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். வாசல் பூட்டு எனக்கு ஒரு பொருட்டில்லை. சமையலறை வழியாகப் போய்க் கண்ணாடி அறையின் வெளிப்பக்கக் கைப்பிடியை அழுத்தினேன். சத்தமே இல்லாமல் திறந்தது. உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான்.

காரியமெல்லாம் முன்னின்று செய்தேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அவள் புருஷன் என் தோளில் விழுந்து அழுதான். "நீங்க அந்தப் பக்கம் போகலன்னா நான் ஊருக்கு வர்ற வரைக்கும் யாருக்குமே தெரிஞ்சிருக்காது மச்சான்," என்றான். வந்தவர்கள் எல்லாரும், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். என் காதாலேயே கேட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உங்கள் ஆள் ஒருவர் அந்தக் கம்பியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, "அளவு தப்பா அறுத்துட்டான் விசில்காரன்," என்றார். அளவு தப்பா? அந்த முனையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பிசிர் உண்டா? இப்படி அறுக்க அவனுக்கு ஏழு ஜென்மம் வேண்டும். என் தங்கை வீட்டுக் கதவில் கடைசியாகக் கைவைத்தவன் அவன் என்று ஊர் பேசினால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அது என் வேலை. பூட்டு, கைப்பிடி, கீல், மூன்றும் என் கை பட்டவை. அவளை அந்த அறையில் அடைத்தது நான், வெளியே நின்று பார்த்ததும் நான். இதற்குமேல் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொடுங்கள்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

"ஒரு தடவ 'அம்மா'ன்னு சொல்லுங்க," என்கிறீர்கள். இது என்ன விளையாட்டு? சரி, சொல்கிறேன். அம்மா. உதடு ஒட்டிப் பிரிகிறது. அதற்கென்ன?

"இப்ப 'அண்ணா'ன்னு சொல்லுங்க."

அண்ணா.

"உதடு ஒட்டுச்சா?"

ஒட்டவில்லை. நீங்கள் எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. உதட்டை மூடவே இல்லை என்று நான்தான் சொன்னேன், ஆமாம். ஆனால் அந்த வெயிலை நீங்கள் பார்க்கவில்லை, சார். தாகத்தில் அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. காய்ந்த உதடு ஒட்டாது. அவள் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் திறக்காமலா இருந்திருப்பேன்?