ஒன்லி என்றால் எல்லாரும் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை, செமோரிலிருந்து ஈப்போ போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். மற்றவள் பத்து வயதாவது மூத்தவள்.

“இன்டர்வியூக்குக் கூப்பிட்டாங்கக்கா. வரலன்னு சொல்லிட்டேன்,” என்றாள் இளையவள்.

“பைத்தியமா உனக்கு? கிளினிக் வேலைதானே? எத்தனை மாசமா அதையே பேசிக்கிட்டிருந்த!”

“வேலைக்கு எழுதிப் போட்ட எல்லாரையும் கூப்பிடுவாங்கக்கா. கூட்டத்தோட கூட்டமா நிக்கறதுக்கு எதுக்கு லீவு?”

“அந்த விளம்பரத்தக் காட்டு.”

மூத்தவள் கைப்பேசியை வாங்கிக் கடைசி வரியைப் படித்தாள்.

“ஒன்லி ஷார்ட்லிஸ்டட் கேண்டிடேட்ஸ் வில் பி கால்ட். ஒன்லின்னு போட்டிருக்குலா! பொறுக்கி எடுத்தவங்கள மட்டும்தான் கூப்பிடுவாங்க.”

“அதெல்லாம் சும்மா போடறதுதான்க்கா.”

“சும்மாவா? நானும்தான் எழுதிப் போட்டேன். எனக்குப் போன் வந்துச்சா?”

“நீங்களுமாக்கா?”

“அத விடு. மொதல்ல போனப் போடு!”

இளையவள் கைப்பேசியைத் திரும்ப வாங்கி, எழுந்து நின்றுகொண்டே கிளினிக்குடன் பேசினாள். நேற்று சொன்னதை மாற்றிக்கொள்ளலாமா என்று மலாயில் கேட்டாள். பதில் வரும்வரை மூத்தவள் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்றாங்கக்கா!”

“பாத்தியா! நான் என்ன சொன்னேன்!”

“அக்கா, அந்த ஒன்லிய இன்னொரு தடவ படிங்க.”

மூத்தவள் ஓட்டுநருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.