ஒட்டோரினோவின் கார் சாவி

"ஹலோ... யாரு? ... ஒட்டோரினோவா! ஆமா... ஆமாய்யா, உண்மைதான். அதேல்மோ போயிட்டாரு. நேத்து காலையில."

விஞ்ஞோலா ஊரில் எர்சிலியாவின் வீட்டுக் கூடம் துக்கம் கேட்க வந்தவர்களால் நிறைந்திருந்தது. அவள் தொலைபேசியை வயரோடு சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். இருபது வருஷம் கார்ப் பந்தய ரோட்டில் அவள் புருஷன் அதேல்மோவை விடாமல் துரத்தியவன் இந்த ஒட்டோரினோ. இவனிடம் மூக்கைச் சிந்திக்கொண்டு பேச வேண்டியதில்லை.

"உனக்குச் சொன்னது சரிதான், ஏணியிலேருந்து விழுந்துதான். ... இல்லைய்யா, கார் ஷெட்டுல நிக்குது, ஒரு கீறல் இல்ல. செர்ரி பறிக்க ஏறினாரு. எழுபத்தோரு வயசுல உச்சிக் கிளைப் பழம்தான் வேணுமாம்! ... சிரி, சிரி. நானும் சிரிச்சேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

"... ஆமா, லெயார்கோ டிராக்டர் கவுந்து போனான். ரெமிஜோ பேப்பர் வாங்க சைக்கிள்ல போயி பால் வண்டியில மாட்டினான். மலை வளைவுல அந்த ஓட்டம் ஓட்டியும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாம் ஓய்வு எடுத்தப்புறம்தான். ... ஆமா, பந்தயக்காரங்க நாலு பேர்ல நீதான் பாக்கி.

"அடக்கம் நாளைக்குப் பத்து மணிக்கு. நீ சாயங்கால ரயிலைப் பிடிச்சு மோதெனாவுல... இரு. அது என்ன சத்தம்? ... உஸ்ஸுங்குதே. ... உன் வீட்டுக்கு எப்பய்யா காபி மிஷின் வந்துச்சு? ... ஒட்டோரினோ. எங்க இருக்க?"

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் கேட்டது.

"பார்மாவா! உன் ஊரு தொர்தோனாவுலேருந்து நீயே ஓட்டிட்டு வந்தியா? கண்ணுல புரையை வச்சுக்கிட்டு? ... மெதுவாவா? நீயா? ... எதிர்ல வந்தவன் ஹாரன் அடிச்சான்னா நீ அவன் பக்கம் போயிட்டேன்னு அர்த்தம்! எத்தனை தடவை அடிச்சான்? ... பொய் சொல்லாத. ... மூணா! அடப்பாவி மனுஷா!

"இன்னும் எழுபது கிலோமீட்டர்தானா? ஒரு அடி நகரக் கூடாது. போனைக் கடைக்காரம்மாகிட்ட குடு. ... குடுய்யா!

"ஹலோ... நான் எர்சிலியா பேசறேன்மா, உங்க பேரு? ... நோர்மா, உங்க முன்னாடி தொப்பி போட்டு ஒருத்தர் நிக்கிறாரே... ஆமா, ஆமா, அழகாத்தான் இருப்பாரு, ஏமாந்துடாதீங்க. அஞ்சடி தள்ளி நிக்கிற பசுமாடு அவருக்குத் தெரியாது. மேஜையில கார் சாவி இருக்கா? ... எடுத்து உங்க பாக்கெட்டுல போடுங்க. ... போட்டாச்சா? ... கத்தறாரா? கத்தட்டும். ஒரு தட்டு சூப் குடுங்க. ஒயின் ஒரே ஒரு கிளாஸ். ... நல்லாயிருப்பீங்க. அவர்கிட்ட குடுங்க.

"... ஆமா, நான்தான் சொன்னேன். திட்டு. இன்னும் திட்டு. ... என்னய்யா? ... ஒட்டோரினோ, அழறியா?"

எர்சிலியா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"... ம். ... ம். ... ஏணி, சைக்கிள்னு கேவலமாப் போறதுக்கு, ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம்னு கிளம்பினியா? ... அப்ப எதிர்ல வர்றவன்? அவன் எந்தப் பந்தயத்துல பேர் குடுத்தான்? ... பேசாதே. நான் சொல்றதைக் கேளு. கூடத்துல வந்து உக்காந்திருக்கிற எல்லாரும் அதேல்மோவைப் புனிதர்ங்கறாங்க. கூசுதுய்யா எனக்கு. அவர் எப்படியெல்லாம் ஏமாத்தி ஜெயிச்சாருன்னு தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். நீ வந்து அதை என்கிட்ட சொல்லணும். உசுரோட வந்து சொல்லணும். ... ம். ... சரி. ... சூப்பைக் குடி.

"நான் வர்றேன். ... நானேதான். ... ஓட்டத் தெரியுமாவா? ஜெயிச்சாலும் தோத்தாலும் குடிச்சிட்டு மட்டையாவீங்களே, உங்க நாலு பேரையும் வீட்டுல கொண்டு போட்டது யாருன்னு நெனச்ச? மாதாவா? ... என்னது? போன்ல போட டோக்கன் தீந்துடுச்சா? வேற போடு... ஹலோ? ... ஹலோ?"

அறுந்துவிட்டது.

எர்சிலியா முகத்தைக் கழுவினாள். கறுப்பு முக்காட்டை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவள் யாரையும் பார்க்காமல் சவப்பெட்டிக்கு நேராகப் போய்ப் புருஷனின் மேல்கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"பார்மா வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றாள் அவனிடம்.